ஏழு உலோகமா? ரெண்டே ரெண்டுதான் சாமி!

"வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி" என்று நம்ம ஊரில் ஒரு சொலவடை உண்டு. யானை எந்தக் கடையில் புகுந்தாலும் நஷ்டம் நஷ்டம்தான். ஆனால் வெண்கலக் கடையில் புகுந்தால்தான் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். சீர்காழி கோவிந்தராஜனுக்கு வெண்கலக் குரல் என்று பேர் வந்ததும் இதனால்தான். யாரும் செம்புக் குரல், ஈயக் குரல் என்று சொல்வதில்லை. எந்த உலோகம் "கணீர்" என்னும், எது "தொப்" என்னும் என்று நம்ம பாட்டிமார்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இந்தப் பதிவு "திபெத்தியப் பாடும் கிண்ணம்" என்கிற சமாச்சாரத்தைப் பற்றி. யோகா வகுப்பு, தியான மையம், ஆன்லைன் கடை என்று எங்கு பார்த்தாலும் இப்போது இதுதான். உள்ளங்கையில் ஒரு உலோகக் கிண்ணம். மரக்கட்டையால் ஒரு தட்டு தட்டினால் "ஓம்ம்ம்" என்று அரை நிமிஷத்துக்கும் மேல் இழுக்கும். கட்டையை விளிம்பில் அழுத்திச் சுற்றினால் தானாகவே பாட ஆரம்பித்துவிடும். (ஈர விரலால் கண்ணாடி டம்ளர் விளிம்பைத் தேய்ப்பது, வயலினில் வில் போடுவது எல்லாம் இதே கதைதான். ஒட்டும், வழுக்கும், மறுபடி ஒட்டும்.) சும்மா சொல்லக்கூடாது, கேட்க அருமையாக இருக்கும்.

பிரச்சினை கிண்ணத்தில் இல்லை, கூடவே வரும் கதையில். "இது ஏழு உலோகம் சேர்த்துச் செய்தது சார். தங்கம் சூரியன், வெள்ளி சந்திரன், பாதரசம் புதன், செம்பு சுக்கிரன், இரும்பு செவ்வாய், வெள்ளீயம் வியாழன், காரீயம் சனி. ஒவ்வொரு உலோகமும் ஒரு ஸ்வரம் கொடுக்கும்." கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஏழு கிரகம், ஏழு உலோகம், ஏழு ஸ்வரம், ஏழு சக்கரம். கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்தினாலே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். பாதரசம் 357 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். உருகிய செம்பில் பாதரசத்தை ஊற்றினால் கிண்ணத்தில் தங்காது, கொல்லரின் நுரையீரலுக்குள்தான் போகும். காரீயம் செம்போடு கலக்கவே கலக்காது, குட்டிக் குட்டி உருண்டைகளாகத் தனியே நிற்கும். மணியோசைக்கு அது ஜென்ம விரோதி. இரும்பு உருகிய வெண்கலத்தில் கொஞ்சமாகத்தான் கரையும், அதனால் ஓசைக்கு ஒரு லாபமும் இல்லை. மிச்சம் தங்கமும் வெள்ளியும். சாப்பாட்டுக் கிண்ணத்தில் யார் போடுவார்கள்?

ஆமாம், சாப்பாட்டுக் கிண்ணம்தான். நேபாளத்திலும் இமயமலைப் பக்கத்திலும் பழைய கிண்ணங்கள் பெரும்பாலும் சோறு போடவும் தானியம் வைக்கவும் புழங்கிய வீட்டுப் பாத்திரங்கள். வட இந்தியாவிலும் நேபாளத்திலும் இந்த உலோகத்துக்குக் காம்சா, காஸ் மாதிரியான பெயர்கள். 1959க்குப் பிறகு திபெத்திய அகதிகள் நேபாளத்துக்கும் இந்தியாவுக்கும் வந்தார்கள். அதே காலத்தில் மேற்கத்திய ஹிப்பிகள் காத்மாண்டுவுக்கு வந்தார்கள். 1972-ல் ஹென்றி உல்ஃப், நான்சி ஹென்னிங்ஸ் இருவரும் "டிபெட்டன் பெல்ஸ்" என்று ஒரு இசைத்தட்டு வெளியிட்டார்கள். பாத்திரத்துக்கு "திபெத்திய தியானக் கருவி" என்ற பட்டம் உலகம் முழுக்கப் பரவியது அதற்கப்புறம்தான். திபெத்திய வழிபாட்டில் மணி உண்டு, தாளம் உண்டு, நீள நீளமான ஊதுகொம்பு உண்டு. கிண்ணத்தை இப்படித் தேய்த்துப் பாட வைப்பதைப் பற்றி மட்டும் பழைய பயணக் குறிப்புகளில் பேச்சையே காணோம். கிரகத்துக்கு ஒரு உலோகம் என்கிற அந்தப் பட்டியலும் ஐரோப்பிய ரசவாதிகளின் பழைய அட்டவணைதான்!

சரி, ஆய்வுக்கூடத்தில் பழைய கிண்ணங்களைச் சோதித்தால் என்ன வருகிறது? செம்பு முக்கால் பங்குக்குச் சற்று மேலே. வெள்ளீயம் 20 சதவீதத்துக்குச் சற்று மேலே. மற்றதெல்லாம் தாதுவோடு ஒட்டி வந்த தூசி அளவு. அதாவது வெண்கலம். ரெண்டே ரெண்டு உலோகம்!

"ப்பூ, இவ்வளவுதானா?" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஏனென்றால் உண்மையான அதிசயமே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ரசம் வைக்கிற ஈயச் சொம்பைத் தட்டிப் பாருங்கள். அது கிட்டத்தட்ட சுத்த வெள்ளீயம். சத்தமே வராது. செம்புக் குடத்தைத் தட்டுங்கள். ஏதோ ஒரு சத்தம் வந்து சட்டென்று அடங்கிவிடும். ஒன்று ஊமை, இன்னொன்று அரை ஊமை. இரண்டையும் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் உருக்கிச் சேர்த்தால் பிறப்பது கோயில் மணி! இதை முதன்முதலில் கேட்ட மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்?

காரணம் இதுதான். செம்பின் அணுக்கள் அடுக்கடுக்காக ஒன்றின்மேல் ஒன்று சுலபமாக வழுக்கும். அதிர்வின் சக்தி இந்த வழுக்கலில் சூடாக மாறி வீணாகிறது, சத்தம் செத்துப்போகிறது. வெள்ளீய அணு செம்பு அணுவை விடப் பெரிசு. உள்ளே போய் உட்கார்ந்து வழியை அடைத்துக்கொள்ளும். ஒரு 15 சதவீதத்துக்கு மேல் போனால் செம்பால் அதைக் கரைத்து வைத்துக்கொள்ள முடியாது. டெல்டா என்கிற தனிப் படிகம் உருவாகும். கண்ணாடி மாதிரிக் கெட்டி. வழுக்கல் போச்சு, சக்தி வீணாவது குறைஞ்சு போச்சு, ஓசை நிற்காமல் ஓடும்.

அப்போ வெள்ளீயத்தைக் கொட்டிக்கொண்டே போகலாமே? அங்கேதான் ஆப்பு. கெட்டித்தன்மை கூடக் கூட நொறுங்கும் தன்மையும் கூடும். பத்து சதவீதம் வரைக்கும் சிலை, பீரங்கி. இருபதிலிருந்து இருபத்துநாலு வரை மணி, தாளம். முப்பத்துமூன்று பக்கம் போனால் கேரளத்து ஆரன்முளா கண்ணாடி. முகம் பார்க்கலாம், கீழே போட்டால் சில்லுச் சில்லாகப் போய்விடும்.

இந்தக் கயிற்றில் நடக்கத் தெரியாமல் விழுந்ததற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இருக்கும் சுதந்திர மணி. லண்டன் ஒயிட்சேப்பலில் வார்த்து 1752-ல் வந்திறங்கியது. சோதனைக்காக அடித்த முதல் அடியிலேயே விரிசல். பாஸ், ஸ்டோ என்ற இரண்டு உள்ளூர்க்காரர்கள் அதை உடைத்து உருக்கி, இனி உடையக்கூடாது என்று பவுண்டுக்கு ஒன்றரை அவுன்ஸ் செம்பு கூடுதலாகச் சேர்த்து 1753-ல் வார்த்தார்கள். உடையவில்லை. ஆனால் சத்தம் சகிக்கவில்லை! ஊரே கிண்டல் செய்ய, அதே வருஷம் மறுபடியும் உருக்கி வார்த்தார்கள். பத்து சதவீதத்துக்கும் குறைவான செம்பு, மணியின் குரலையே மாற்றிவிட்டது. (இப்போதிருக்கிற பெரிய விரிசல் பிற்பாடு வந்தது, அது தனிக் கதை.)

கடைக்காரர் சொன்ன "ஒரு உலோகத்துக்கு ஒரு ஸ்வரம்" விஷயத்தையும் தீர்த்துவிடலாம். கிண்ணத்தின் சுருதியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வடிவம்தான். தடிமன் இரண்டு மடங்கானால் சுருதி இரண்டு மடங்கு. அதே தடிமனில் விட்டம் பாதியானால் சுருதி சுமார் நான்கு மடங்கு. உலோகத்தின் பங்கு, அதன் விறைப்புக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம். அச்சு அசலாக ஒரே அளவில் எவர்சில்வரில் ஒரு கிண்ணம் செய்தால் வெண்கலத்தை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சுருதி வரும். அதாவது வெண்கலம் சட்ஜமம் என்றால் எவர்சில்வர் பஞ்சமம். பித்தளையிலோ பெரிய வித்தியாசமே இருக்காது. மேலே கேட்கிற கிளை ஸ்வரங்கள்? ஒரு வட்ட வளையத்துக்குக் கணக்குப் போட்டால் அடிப்படை ஸ்வரத்தைப் போல சுமார் 2.8 மடங்கு, 5.4 மடங்கு என்று வரும். இந்த விகிதக் கணக்கில் உலோகத்தின் பெயரே கிடையாது, அடிபட்டுப் போய்விடுகிறது. "வ்வோம்... வ்வோம்..." என்று அலை அலையாக வருகிறதே, அது கைச்சுத்தியலின் கையெழுத்து. கிண்ணம் துல்லியமான வட்டமாக இல்லாததால் 220, 222 என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அதிர்வெண்கள் வந்து, வினாடிக்கு இரண்டு முறை மோதிக்கொள்கின்றன.

ஆக, உலோகம் தருவது ஸ்வரத்தை விட ஆயுளை. எவ்வளவு நேரம், எவ்வளவு சுத்தமாக ஒலிக்கும் என்பதை.

இனிமேல்தான் க்ளைமாக்ஸ். 22 சதவீத வெண்கலத்தை அச்சில் வார்த்து மணி செய்யலாம், சரி. ஆனால் அப்பளம் மாதிரி மெல்லிய கிண்ணமாகத் தட்டி எடுப்பது எப்படி? ஆறவிட்டுத் தட்டினால் நொறுங்கும். அதீதமாகச் சூடாக்கினால் உருகும். இரும்புக் கொல்லரின் அனுபவம் இங்கே செல்லாது. உருக்கைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கெட்டியாகி நொறுங்கும் தன்மை வரும். இந்த வெண்கலம் நேர் எதிர்! 586 டிகிரிக்கு மேலே இதன் உள்ளமைப்பு மாறி, பீட்டா என்கிற இளகிய நிலைக்கு வருகிறது. செந்தழல் நிறத்தில் இருக்கும்போதே தட்ட வேண்டும், ஆற ஆறத் திரும்பக் காய்ச்ச வேண்டும், கடைசியில் சூட்டோடு தண்ணீரில் முக்க வேண்டும். மெதுவாக ஆறியிருந்தால் உருவாகும் நொறுங்கல் படிகத்துக்கு உருவாக நேரமே கிடைக்காது. மெல்லிசாகவும் இருக்கும், உடையாது, கணீரென்றும் ஒலிக்கும். சீனத்து கோங் மணியைக் காப்பியடிக்க முடியாமல் ஐரோப்பியர்கள் திணறியது இந்த ஒரு ரகசியம் தெரியாமல்தான். டார்செ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 19ஆம் நூற்றாண்டில்தான் அதை விளக்கினார்.

கொரியாவின் பாங்ஜா பாத்திரக் கணக்கு 16 பங்கு செம்புக்கு நாலரை பங்கு வெள்ளீயம். வகுத்துப் பாருங்கள், 22 சதவீதம். இஸ்தான்புல்லில் 17ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்த ஜில்ஜியன் குடும்பத்தின் தாளத்தட்டு 80க்கு 20. நேபாளக் கிண்ணமும் அதே பக்கம்தான். அங்கங்கே காதும் சுத்தியலும் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்.

நம்ம பக்கமும் இந்த வித்தை இருந்திருக்கிறது, அதுவும் மிகப் பழங்காலத்திலேயே. தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரில் அலெக்ஸாண்டர் ரீ 1899லிருந்து சில வருஷங்கள் தோண்டினார். நீலகிரிக் கல்லறைகளைப் பற்றி அங்கே கமிஷனராக இருந்த ப்ரீக்ஸ் எழுதிய புத்தகம் 1873-ல் வந்தது. இரண்டு இடத்திலும் மெல்லிய வெண்கலக் கிண்ணங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பெங்களூரின் தொல்உலோகவியல் ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன் இப்படிப்பட்ட பாத்திரங்களை ஆராய்ந்து, இவை வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்தைச் சூட்டில் தட்டி நீரில் முக்கிச் செய்தவை என்று காட்டினார். அதே முறையில் கேரளத்தில் பய்யங்காடியில் கைவினைஞர்கள் பாத்திரம் செய்து வந்ததையும் 1990களில் பதிவு செய்தார். உடனே "கண்டுபிடிச்சது தமிழன்டா" என்று கிளம்ப வேண்டாம் :-) தட்சசீலத்திலும் தாய்லாந்திலும் கூடப் பழைய கிண்ணங்கள் கிடைத்திருக்கின்றன. யார் முதல் என்பதா முக்கியம்? வெப்பமானி இல்லாமல், நெருப்பின் நிறத்தை மட்டும் கண்ணால் பார்த்து நூறு டிகிரி சொச்ச இடைவெளிக்குள் வேலை செய்தார்களே, அதுதான் முக்கியம்.

பஞ்சலோகத்திலும் இதே விளையாட்டுதான். சோழர் சிலைகளைச் சோதித்தால் தங்கமும் வெள்ளியும் பெரும்பாலும் துளியளவே. செம்போடு கொஞ்சம் வெள்ளீயம், கொஞ்சம் காரீயம். காரீயம் சேர்த்தால் உருகிய உலோகம் மூக்கு, விரல் நுனி வரை ஓடி நிரப்பும். மணியில் ஆகாத காரீயம் சிலையில் ஆகும் என்று தெரிந்து பிரித்து வைத்திருந்தார்கள். "ஐந்து", "ஏழு" என்று எண்ணிக்கையைப் புகழும்போது இந்தத் தெளிவுதான் மறைந்துபோகிறது.

ஏழு உலோகக் கதையில் எனக்கிருக்கும் வருத்தம் இதுதான். காசு போவது ஒரு பக்கம் இருக்கட்டும் (சந்தையில் "ஏழு உலோகம்" என்று விற்பதில் பல வெறும் பித்தளை வார்ப்பு). நெருப்பு முன்னால் உட்கார்ந்து, காது கொடுத்துக் கேட்டு, தலைமுறை தலைமுறையாகத் திருத்திய ஒரு கன்னாரின் அறிவை எடுத்து நாம் கிரகங்களுக்குத் தாரை வார்க்கிறோம். சாமியார் சொன்னார், சனி சொன்னார் என்கிறோம். தட்டியவர் பெயர் எங்குமே இல்லை.

இன்னொரு பக்கம், இதே உலோகத்தில் செய்த வெண்கலப் பானையையும் உருளியையும் கிலோ கணக்கில் எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கிய ஊரும் நம்ம ஊர்தான். பரணில் ஏதாவது மிச்சம் இருந்தால் இறக்கி, தூசி தட்டி, விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுங்கள். ஓசை அடங்கும் வரை காத்திருந்து, அப்புறம் முடிவு செய்யுங்கள், எடைக்குப் போடுவதா வேண்டாமா என்று.