சோழியில் கணித்த கிரகணமும் போனில் வரும் விடையும்

சாதாரண தரப் பிள்ளைகளின் கணிதக் கொப்பிகளில் இப்போதெல்லாம் விடை சரியாக இருக்கிறது. மூன்றாம் வரி எப்படி வந்தது என்று கேட்டால்தான் பதில் இல்லை. கணக்கைப் போனில் படம் பிடித்து ஏஐயிடம் கொடுத்திருப்பார்கள். இது நமக்கு அவ்வளவு புதிதல்ல. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

1825இல் ஜோன் வொரன் என்ற இராணுவ அதிகாரி மதராஸில் 'கால சங்கலித' என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒரு தமிழரைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். அந்த மனிதர் நிலத்தில் சோழிகளை வைத்து நகர்த்தியே, அந்த வருடம் மே 31 இரவு வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். தொடக்கத்தில் 4 நிமிடப் பிசகு, நடுவில் 23, முடிவில் 52. அட்டவணை முழுவதும் மனப்பாடம். ஒவ்வொரு எண்ணும் ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள். தோட்டத்து வீடுகளில் சித்திரைக்கு வாங்கும் வாக்கிய பஞ்சாங்கத்தின் பெயர் இந்த வாக்கியங்களிலிருந்து வந்ததுதான்.

ஆனால் அவருக்கு வானியல் கோட்பாடு தெரியாது. படிமுறை தெரியும், அவ்வளவுதான். 52 நிமிடம் ஏன் பிசகியது என்று அவரால் சொல்ல முடியாது, திருத்தவும் முடியாது. வாக்கியங்களை இயற்றியவர்களால் முடிந்திருக்கும்.

படிமுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'அல்கோரிதம்' என்ற சொல் 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது. நம் மேடைகளில் இதைப் பெருமையாகச் சொல்வோம். அவர் இருபடிச் சமன்பாட்டுக்கு வழி சொன்னதோடு நில்லாமல், சதுரம் வரைந்து அதற்குக் காரணமும் காட்டினார் என்பதை மட்டும் விட்டுவிடுவோம்.

1976இல் அப்பல், ஹாக்கன் இருவரும் நான்கு வர்ணத் தேற்றத்தைக் கணினியால் நிறுவியபோது, கையால் சரிபார்க்க முடியாத நிறுவலை ஏற்பதா என்று கணித உலகமே சண்டை போட்டது. 2024இல் கூகுள் டீப்மைண்டின் ஏஐ, சர்வதேச கணித ஒலிம்பியாட் வினாக்கள் ஆறில் நான்கைத் தீர்த்து, 42க்கு 28 புள்ளி, வெள்ளிப் பதக்கத் தரம் பெற்றது. அதன் அட்சரகணித, எண் கணித நிறுவல்களை 'லீன்' என்ற மென்பொருள் வரிக்கு வரி சோதித்தது. இயந்திரத்திடமே காரணம் கேட்கிறார்கள்! நாம் பிள்ளையிடம் கேட்பதில்லை.

பரீட்சை மண்டபத்துக்குள் போன் வராது. கணிதத்தில் சித்தியில்லாவிட்டால் எத்தனை வாசல் அடைபடும் என்பது தோட்டத்துப் பெற்றோருக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் வகுப்பில் ஏஐயைத் தடுக்கவில்லை. பார்த்து எழுதிய பிள்ளை கரும்பலகைக்கு வந்து, விடையை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்ல வேண்டும். வீட்டில் நீங்களும் ஒரு வரியைத் தொட்டுக் கேளுங்கள். உங்களுக்குக் கணிதம் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை தடுமாறுகிறதா என்று பார்த்தால் போதும்.