மல்டிப்பிள் இன்ஹெரிட்டன்ஸ்: வெளியே போனதும் திரும்பி வந்ததும்

ஒரு வங்கிக்கு புரோகிராம் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 'கணக்கு' என்று ஒரு கிளாஸ். அதற்குள் 'இருப்பு' என்று ஒரு எண். அதிலிருந்து 'சேமிப்புக் கணக்கு', 'நடப்புக் கணக்கு' என இரண்டு கிளாஸ்கள் பிறக்கின்றன. இப்போது இந்த இரண்டின் வசதியும் சேர்ந்த ஒரு புதுக் கணக்கு வேண்டும். இரண்டிலிருந்தும் ஒரு கிளாஸ் பிறக்கிறது. சரி, அதற்கு இருப்பு ஒன்றா, இரண்டா?

படமாக வரைந்தால் வைரம் போலத் தெரியும். அதனால் இதற்கு 'டைமண்ட் பிராப்ளம்' என்று பெயர்.

நார்வேயில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில் இந்தத் தலைவலி இல்லை. அதில் ஒரு கிளாஸுக்கு ஒரே தாய்தான். சிமுலாவைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப், பெல் ஆய்வகத்தில் சி பிளஸ் பிளஸ் மொழியை உருவாக்கினார். 1989-ல் வந்த அதன் 2.0 பதிப்பில் மல்டிப்பிள் இன்ஹெரிட்டன்ஸ் நுழைந்தது. 'வர்ச்சுவல்' என்று எழுதினால் இருப்பு ஒன்று, எழுதாவிட்டால் இரண்டு. ஆனால் அதை எழுத வேண்டியவர்கள் சேமிப்பு, நடப்பு கிளாஸ்களை உருவாக்கியவர்கள். பேரன் வருவான் என்றே தெரியாதபோது முடிவெடுப்பது எப்படி?

1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஜாவா வேறு வழியில் போனது. ஜேம்ஸ் காஸ்லிங் குழு, தாய் கிளாஸ் ஒன்றுதான் என்று கதவைச் சாத்தியது. பதிலுக்கு ஆப்ஜெக்டிவ்-சி மொழியின் 'புரோட்டோகால்' யோசனையை எடுத்து இன்டர்ஃபேஸ் தந்தது. இன்டர்ஃபேஸ் என்பது ஓர் ஒப்பந்தம். என்னென்ன மெத்தட் வேண்டும் என்று மட்டும் சொல்லும், உள்ளே கோட் இருக்காது. எத்தனை ஒப்பந்தத்தில் வேண்டுமானாலும் கையெழுத்திடலாம், சண்டை வராது.

ஆனால் கையெழுத்தான ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு ஷரத்து சேர்த்தால்? கையெழுத்திட்ட கிளாஸ் எல்லாம் அடுத்த முறை கம்பைல் ஆகாது. 'கலெக்‌ஷன்' இன்டர்ஃபேஸில் 'ஸ்ட்ரீம்' மெத்தடைச் சேர்க்க நினைத்தபோது ஜாவா இதில்தான் மாட்டியது. எனவே 2014-ல் ஜாவா 8 'டிஃபால்ட் மெத்தட்' கொண்டுவந்தது, அதாவது இன்டர்ஃபேஸுக்குள்ளேயே கோட். 2019-ல் சி ஷார்ப் 8 மொழியும் அதே வழிக்கு வந்தது.

ஆக, சாத்திய கதவு பாதி திறந்தது! இரண்டு இன்டர்ஃபேஸ்கள் ஒரே மெத்தடுக்கு வேறு வேறு கோட் தந்தால், ஜாவா கம்பைலர் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காது. கிளாஸை எழுதுபவரே தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆனால் 'இருப்பு' போன்ற டேட்டாவை இன்டர்ஃபேஸில் வைக்க இன்றும் இடமில்லை. கோட் இரண்டாக வந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடலாம். இருப்பு இரண்டாக வந்தால் கணக்கே இடிக்கும். மற்ற கதவைத் திறந்த பிறகும் ஜாவா இதை மட்டும் பூட்டியே வைத்திருக்கிறது.