பித்தப்பைக் கல்: சிகிச்சை முறைகள்

கல்லீரலுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பித்தப்பையில் பித்தநீர் கெட்டிப்பட்டு உண்டாவது பித்தப்பைக் கல். வட இந்தியாவில் கொழுப்புக் கல் மிகுதி. தென்னிந்தியாவில் நிறமிக் கல்லும் கலப்புக் கல்லும் கூடுதலாகக் காணப்படுகின்றன.

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் சிறுநீரகக் கல்லானாலும் இதுவானாலும் பேச்சில் ‘கல்லு’தான். குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. வாழைத்தண்டுச் சாறு குடித்தால் பித்தப்பைக் கல்லும் கரைந்துவிடும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. சிறிய சிறுநீரகக் கல் சிறுநீரோடு தானே இறங்கிவிடலாம். ஆனால் பித்தப்பைக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் தொடர்பே கிடையாது.

சாரல் நாளில் அருவியில் குளித்துவிட்டு, இரவு சால்னா ஊற்றிய புரோட்டாவும் பொரித்த கோழியும் வயிறாரச் சாப்பிட்டுப் படுக்கிறார் ஒருவர். கொழுப்பு குடலுக்குள் போனதும் பித்தப்பை சுருங்குகிறது. கல் அதன் வாயில் போய் மாட்டுகிறது. வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும் வலி முதுகுக்கும் தோள்பட்டைக்கும் ஏறும். வாயுப்பிடிப்பு என்று சோடா குடித்து இரவைக் கழிப்பதைவிட, காலையில் வயிற்று ஸ்கேன் எடுப்பது நல்லது.

வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவந்த, வலி தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். அர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை சிறிய கொழுப்புக் கற்களை மட்டுமே கரைக்கும். அதற்கும் மாதங்கள் ஆகும், நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வரும். நிறமிக் கல்லுக்கு அது உதவாது.

வலி வந்துபோனவர்களுக்கு நிலையான தீர்வு பித்தப்பையையே எடுத்துவிடுவது. கல்லை மட்டும் எடுத்தால் பை மறுபடி கல்லை உண்டாக்கும். பித்தப்பையை அகற்றும் அறுவையை 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலில் செய்தார். லேப்ராஸ்கோப்பி முறையில் 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே செய்தார். இந்தியாவில் 1990இல் மும்பையில் டாக்டர் தெஹம்தன் உத்வாடியா தொடங்கினார். லேப்ராஸ்கோப்பிக்கு வழக்கமாக நான்கு சிறு துளைகள் போதும். பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள்.

கல் பொதுப் பித்தக்குழாயில் இறங்கி அடைத்தால் கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், மலம் வெளுக்கும். இந்தக் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக் காத்திருப்பது ஆபத்து. அடைப்பை அது நீக்காது. ஈ.ஆர்.சி.பி. முறையில், வாய்வழியே எண்டோஸ்கோப் செலுத்திக் கல்லை எடுக்க வேண்டும். காமாலையோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

பித்தப்பை இல்லாதவருக்கும் கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டுதான் இருக்கும். அது நேரே குடலுக்குப் போய்விடும். சிலருக்குக் கொஞ்சநாள் வயிற்றுப்போக்கு இருக்கலாம். பெரும்பாலோர் சில வாரங்களில் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.