தேயிலைக்கு விற்ற சுவெற்றர்கள்: ஷெட்லாண்ட் பெண்களின் வண்ணப் பின்னல்

ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னி, ஷெட்லாண்ட் தீவுக்கூட்டங்களுக்கு நடுவே ஃபெயர் ஐல் என்றொரு சிறு தீவு உள்ளது. நீளம் ஏறக்குறைய 5 கிலோமீற்றர். நூறு பேர்கூட அங்கு இல்லை. ஆனால் நட்சத்திரம், சிலுவை, அறுகோணம் எனப் பட்டை பட்டையாக வண்ணம் மாறும் சுவெற்றர்களை உலகெங்கும் இத்தீவின் பெயரால்தான் அழைக்கிறார்கள். நோர்வேயிலும் கனடாவிலும் இருக்கும் எங்கள் உறவுகள் அனுப்பும் குளிர்காலப் படங்களில் இந்தச் சாயலை நீங்கள் பார்த்திருக்கக்கூடும்.

1588இல் ஸ்பானிய ஆர்மடாவைச் சேர்ந்த எல் கிரான் கிரிஃபோன் என்ற கப்பல் இத்தீவில் மோதி உடைந்தது உண்மை. கரையேறிய மாலுமிகள்தான் இந்தக் கோலங்களைக் கற்றுக்கொடுத்தார்கள் என்ற கதைக்கு மட்டும் ஆதாரம் இல்லை. விற்பனைக்கு நல்ல கதை என்பதால் அது இன்னும் உயிரோடிருக்கிறது. 1951இல் ஷெட்லாண்டின் கன்னிஸ்டர் என்ற இடத்தில், சதுப்பு மண்ணுக்குள் இருந்து 1700ஆம் ஆண்டளவில் இறந்த ஒருவரின் உடைகள் எடுக்கப்பட்டன. அவரிடமிருந்த பின்னற் பணப்பையில் சாம்பல் நிறத்தின் மீது சிவப்பும் வெள்ளையும் கலந்த கோலம் இருந்தது. வடகடல் வழியே பால்டிக், ஸ்கண்டிநேவிய நாடுகளுடன் இருந்த வணிகத் தொடர்பை ஆய்வாளர்கள் பலர் சுட்டுகின்றனர்.

பார்க்கச் சிக்கலாகத் தோன்றினாலும் விதி எளிது. ஒரு வரிசையில் இரண்டு நிறங்களுக்கு மேல் வராது. அடுத்தடுத்த வரிசைகளில் நிறத்தை மாற்றுவதால்தான் பத்து வண்ணம் இருப்பதுபோலத் தெரிகிறது. பயன்படாத நூலைப் பின்புறம் தளர்வாக ஓடவிடுவார்கள். இறுக்கி இழுத்தால் துணி சுருங்கும். நான்கைந்து கண்ணிகளுக்கு மேல் நீளமாக ஓடவிட்டால் பிள்ளையின் விரல் சிக்கும். அப்படி ஓடும் நூல் உள்ளே இன்னொரு படையாகி, குளிரைத் தடுக்கிறது. உடலைக் குழாய்போல வட்டமாகவே பின்னிவிட்டு, கைக்கும் கழுத்துக்கும் உரிய இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள். புதிதாகப் பழகுபவர்கள் நடுங்கும் இடம் இதுதான். ஷெட்லாண்ட் ஆட்டுக் கம்பளி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையது என்பதால் வெட்டிய ஓரம் பிரிந்து போவதில்லை. வழுக்கும் செயற்கை நூலில் இதைச் செய்ய முடியாது.

வீட்டுக்கான சிக்கனமும் இதில் உண்டு. கையைத் தோளிலிருந்து மணிக்கட்டு நோக்கிக் கீழாகப் பின்னுவார்கள். ஓரம் தேய்ந்தால் அந்தப் பகுதியை மட்டும் உருவி மறுபடி பின்னலாம். பிள்ளை வளர்ந்தால் நீளமும் கூட்டலாம். குதிரைமயிர் அடைத்த, துளைகள் உள்ள தோல்பட்டியை இடுப்பில் கட்டி, அதில் ஓர் ஊசியைச் செருகிக்கொண்டால் நடந்துகொண்டே பின்னலாம். முதுகில் எரிபொருள் மண்கட்டிகள் நிறைந்த கூடை, கையில் பின்னல் என்று நடக்கும் பெண்களைப் பழைய புகைப்படங்களில் காணலாம். அழகான காட்சி என்று அவை தபாலட்டைகளாக விற்கப்பட்டன. ஒரு நிமிடமும் ஓய்வில்லாத வாழ்க்கை அது.

அந்த உழைப்புக்குக் காசு கிடைத்ததா என்பதுதான் கேள்வி. 19ஆம் நூற்றாண்டில் கடைக்காரர் பின்னலை வாங்கிக்கொண்டு பணத்துக்குப் பதிலாகத் தேயிலையும் துணியும் கொடுத்தார். அரிசி கேட்டவருக்குச் சேலையைக் கொடுத்தது போல. மா வேண்டிய பெண், கிடைத்த தேயிலையைச் சுமந்து வீடுவீடாகப் போய் மாற்றவேண்டியிருந்தது. ஆண்கள் கடலில் மாண்ட குடும்பங்களில் இதுவே பிழைப்பு. 1872இல் பிரித்தானிய அரசின் விசாரணை ஆணைக்குழு முன் பின்னற்காரப் பெண்கள் பலர் நேரில் சாட்சியம் அளித்தார்கள். அவர்களுடைய சொற்கள் இன்றும் ஆவணமாக இருக்கின்றன. கடன் கொப்பியோடு வாழப் பழகிய எவருக்கும் அவை புதிதாக இருக்காது. 1887இல் சட்டம் இறுக்கப்பட்ட பிறகும் அந்த வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை.

1922இல் வேல்ஸ் இளவரசர் எட்வேர்ட் கொல்ஃப் மைதானத்தில் ஃபெயர் ஐல் சுவெற்றர் அணிந்ததும் அது நாகரிகமானது. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனி நோர்வேயைப் பிடித்தபோது சிறு மீன்பிடிப் படகுகளில் அகதிகள் ஷெட்லாண்டுக்குத் தப்பி வந்தார்கள். அவர்கள் உடுத்து வந்த உடைகளில் இருந்த பெரிய நட்சத்திரக் கோலம், ஷெட்லாண்ட் பெண்களின் பின்னலிலும் பரவியது.

1970களில் வடகடல் எண்ணெய் வந்தபோது பல பெண்கள் ஊசியை வைத்துவிட்டு மாதச் சம்பளத்துக்குப் போனார்கள். பாரம்பரியம் அழிகிறது என்று வெளியிலிருந்து வருந்தியவர்கள் உண்டு. அந்தப் பெண்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2010இல் பாடசாலைப் பின்னல் வகுப்புகளை உள்ளூராட்சி சபை நிறுத்தியது. இப்போது தன்னார்வலர்கள் சிறுவர்களைக் கூட்டி வைத்து, தோல்பட்டியும் ஊசியும் கொடுத்து, முதல் வரிசையிலிருந்து பழக்கி வருகிறார்கள்.