ஒரு கைக்கு எத்தனை கிழமை?

1911 மார்ச் 24. நியூயோர்க் மாநிலத்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஐவ்ஸ் எண்ட ரயில்வேத் தொழிலாளி வேலையில கணுக்கால் சுளுக்கி, தான் வேலை செய்த சவுத் பஃபலோ ரயில்வே கொம்பனியிட்ட நட்டஈடு கேட்டிருந்தார். ஆபத்தான தொழில்களில் காயப்பட்டவர், முதலாளியின் பிழையை நிரூபிக்காமலே பணம் பெறலாம் எண்டு 1910இல் ஒரு சட்டம் வந்திருந்தது. பிழை செய்யாத முதலாளியிடம் காசு வாங்குறது அவருடைய சொத்தைப் பறிக்கிறது, அரசியலமைப்புக்கு முரண் எண்டு சொல்லி நீதிபதிகள் அந்தச் சட்டத்தையே தூக்கி எறிஞ்சிட்டினம்.

அடுத்த நாள் பின்னேரம் அதே மாநிலத்தில், நியூயோர்க் நகரத்து ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடிச்சது. 146 பேர் செத்துப்போச்சினம். கனபேர் யூத, இத்தாலியக் குடியேறிக் குடும்பங்களின் இளம் பெண்கள், எங்கட வயசுக்காரர். ஒன்பதாம் மாடிக் கதவு பூட்டியிருந்தது. முதலாளிமார் இரண்டு பேரும் குற்றவழக்கில் விடுதலையாகினம். பிறகு 1914இல் 23 சிவில் வழக்குகள் சமரசமாக முடிஞ்சபோது ஓர் உயிருக்குக் கிடைச்சது 75 டொலர்.

இதை வெறும் கொடூரமான முதலாளிகளின் கதையாக வாசிச்சால் பாதிதான் விளங்கும். பழைய சட்டமே அப்பிடித்தான் கட்டப்பட்டிருந்தது. மாசச்சூசெட்ஸில் ஃபார்வெல் எண்ட ரயில் ஓட்டுநர், இன்னொரு தொழிலாளியின் கவனக்குறைவால வலது கையை இழந்தார். சக தொழிலாளியின் பிழைக்குக் கொம்பனி பொறுப்பில்லை எண்டு 1842இல் தீர்ப்புச் சொன்னார் தலைமை நீதிபதி லெமுவல் ஷோ. கூடின ஆபத்துக்குத்தானே கூடின சம்பளம் வாங்கினீர் எண்டது அவருடைய வாதம். ஃபார்வெல்லின்ர சம்பளம் நாளுக்கு 2 டொலர். காயப்பட்டவரிலும் கொஞ்சம் பிழை இருந்தால் அதுவும் வழக்கை முடிச்சிடும். ஆபத்து தெரிஞ்சே வேலைக்கு வந்தீர் எண்டு சொல்லியும் முடிக்கலாம்.

இதன் விளைவை எண்ணிக் காட்டினவர் கிரிஸ்டல் ஈஸ்ட்மன். பிட்ஸ்பேர்க் இருக்கிற அலகேனி கவுண்டியில், 1906 ஜூலையில் தொடங்கிய ஒரே வருசத்தில், வேலையில செத்த 526 பேரின் விபரங்களைத் தேடி எடுத்தார். மணமாகி இறந்தவர்களின் குடும்பங்களில் பாதிக்கு மேல் பெற்றது 100 டொலர் அல்லது அதைவிடக் குறைவு. ஐவ்ஸ் கேட்ட அந்த 1910 சட்டத்துக்குப் பின்னால இருந்த ஆணைக்குழுவின் செயலாளரும் இவர்தான். வரலாற்றுப் பாடத்தில இவரைப் பற்றி நான் ஒரு வரியும் படிக்கேல்லை.

பிறகு வேகமாக மாறிச்சு. 1911இலேயே விஸ்கொன்சின் சட்டம் போட்டு நீதிமன்றத்திலும் வென்றது. நியூயோர்க் 1913இல் வாக்கெடுப்பு நடத்தி அரசியலமைப்பையே திருத்தினது. 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஏற்றது. கடைசியாக வந்தது மிசிசிப்பி, 1948இல். வேலையோட சம்பந்தமில்லாத நோய்க்கும் தற்காலிக உதவி குடுக்கலாம் எண்டு 1942இல் முதல் தொடங்கினது குட்டி மாநிலமான றோட் ஐலண்ட்.

உற்பத்தியாளர் சங்கமே இந்தச் சட்டங்களை ஆதரிச்சது எண்டதைக் கவனிக்க வேணும். ஜூரிகள் எப்ப எவ்வளவு விதிப்பினம் எண்டு தெரியாமல் பயந்திருக்கிறதைவிட, நிச்சயமான சின்னத் தொகை அவைக்கு லாபம். தொழிலாளி பிழையை நிரூபிக்கத் தேவையில்லை. பதிலுக்கு, வழக்குப் போடுற உரிமையை விட்டுக்குடுக்க வேணும். அதுதான் பேரம். அந்தப் பேரத்துக்குள்ள பல மாநிலங்கள் தோட்ட வேலைக்காரரையும் வீட்டு வேலைக்காரரையும் சேர்க்கவே இல்லை. தென் மாநிலங்களில் அந்த வேலைகளைச் செய்தது பெரும்பாலும் கறுப்பின மக்கள். அதால இது தற்செயல் எண்டு எனக்குப் படேல்லை.

பேரத்தோட அட்டவணையும் வந்தது: விரலுக்கு இத்தனை கிழமைச் சம்பளம், கண்ணுக்கு இத்தனை. (எங்கட நாட்டின் 1934ஆம் ஆண்டு 19ஆம் இலக்க நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்திலும் உறுப்புக்கு இத்தனை வீதம் எண்டு ஒரு அட்டவணை இருக்கு.) அங்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிக் கணக்கு. அலபாமாவில் ஒரு கைக்கு 222 கிழமை. ஆனால் நிரந்தரப் பகுதி ஊனத்துக்குக் கிழமைக்கு 220 டொலருக்கு மேல் இல்லை எண்டு 1980களில் போட்ட உச்சவரம்பு 2015இலும் அப்பிடியே இருந்தது. பெருக்கிப் பார்த்தால் 48,840 டொலர். அதே ஆண்டில், பக்கத்து மாநிலமான ஜோர்ஜியாவில் அதே கைக்கு உச்சமாக 118,125 டொலர் கிடைச்சிருக்கும்.