ஒப்பந்ததாரர் உரிம முறையீடு (கலிபோர்னியா)

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், உரிமமின்றி வேலை எடுத்ததாகக் கட்டட ஒப்பந்ததாரர் ஒருவர் இன்னொருவர்மீது கொடுக்கும் புகார். 1929இல் உருவான மாநில ஒப்பந்ததாரர் உரிம வாரியம் இதை விசாரித்து அபராதம் விதிக்கலாம். அவர்களுக்குள் பாக்கித் தொகைத் தகராறு முற்றினால் நீதிமன்றம்தான். அங்கே தொழில் சட்டத்தின் 7031ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்: உரிமம் இல்லாதவர் கூலி கேட்டு வழக்காட முடியாது, வாங்கியதையும் திருப்பித் தர நேரலாம். இரும்புக் கட்டுமான உள்ஒப்பந்ததாரர் ஒருவரின் வழக்கில், 2005இல் மாநில உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. வேலை தொடங்கியபின் உரிமம் வாங்கியிருந்தாலும், அதற்குப் பிந்தைய வேலைக்கும் கூலி கிடையாது என்றது. ஆனால் கையெழுத்திட்ட நாளில் உரிமம் இல்லாதது மட்டும் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்காது. பில் பணம் கொடுக்காமல் இழுத்தடிக்கும் முதன்மை ஒப்பந்ததாரருக்கு இந்தப் பிரிவு வசதியான கேடயமும்கூட. முன்பே உரிமம் பெற்று, கவனமாக நடந்தும் அது காலாவதியாகி, தெரிந்தவுடன் புதுப்பித்தவருக்கு மட்டும் குறுகிய விலக்கு உண்டு.