அட்டகத்தி: சாகாமல் தப்பித்த ஒரு காதல்

தலித் சினிமாவின் வரலாற்றைச் சொல்ல உட்காருகிற நம் தோழர்கள் 'மெட்ராஸ்' (2014) படத்துச் சுவரில்தான் முதலில் கை வைக்கிறார்கள். அங்கிருந்து 'கபாலி', 'காலா', 'பரியேறும் பெருமாள்' என்று வரிசை போகிறது. அதே பா.ரஞ்சித் 2012 ஆகஸ்ட் 15 அன்று கொடுத்த முதல் படத்தைக் கேட்டால், 'அது சும்மா லவ் படம்பா' என்று ஒரே வரியில் கழித்துவிடுகிறார்கள். 'அட்டகத்தி' தியேட்டரில் நன்றாகவே ஓடியது. நமது விவாதத்தில்தான் அதற்கு இடமில்லாமல் போனது. நிலம் வேண்டும், சுவர் வேண்டும், எதிரி வேண்டும். பஸ் ஸ்டாப்பில் பெண்ணுக்காகக் காத்துக் கிடக்கிறவனை வைத்துக்கொண்டு என்ன அரசியல் பேசுவது?

பேசலாம் என்கிறேன். படம் வந்த வருஷம் நான் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். புறநகர்ச் சேரியிலிருந்து ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு போய், வகுப்பில் அகத்திணை கேட்கிறவன். அன்பின் ஐந்திணை என்று உருகுவார்கள். ஆனால் தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் எங்கே வைக்கிறது? ஐந்திணைக்கு வெளியே, கைக்கிளை பெருந்திணைப் பக்கம். ஏவல் செய்கிறவனுக்கும் உழைக்கிறவனுக்கும் 'தலைவன்' ஆகிற யோக்கியதை இல்லை. ஒருதலையாய் ஏங்கிவிட்டுப் போகலாம் என்பதுதான் உரைகள் நமக்குச் சொல்லிவந்த பாடம்.

சினிமா இந்த இலக்கணத்தை விடவில்லை. கூடுதலாகச் சாவையும் சேர்த்துக்கொண்டது. 1997இல் சேரனின் 'பாரதி கண்ணம்மா'. ஆண்டை வீட்டுப் பெண் சேரிப் பையனைக் காதலிக்கிறாள், உயிரை விடுகிறாள். அவள் சிதையிலேயே அவனும் பாய்கிறான். நல்ல மனசோடு எடுத்த படம்தான், மறுக்கவில்லை. ஆனால் நம்மவன் நெருப்பில் விழுந்தால்தான் தியேட்டரில் கண்ணீர் வரும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. அந்த ஜூன் மாதம் 30ஆம் தேதி மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் ஆறு பேரையும் வெட்டிப்போட்டார்கள். அதற்கு எந்தத் தியேட்டரும் அழவில்லை. 2004இல் பாலாஜி சக்திவேலின் 'காதல்'. மெக்கானிக் முருகனைச் சாகடிக்காமல் புத்தி பேதலிக்க வைத்துத் தெருவில் விட்டார்கள்.

இந்த இரண்டுக்கும் பிறகு வருகிறான் அட்டகத்தி தினகரன். பிளஸ் டூவில் இங்கிலீஷ் பேப்பர் போச்சு. டுடோரியல். பஸ்ஸில் பார்த்த பூர்ணிமாவின் பின்னால் அலைகிறான். அவள் 'அண்ணா' என்கிறாள். சோகம் கொண்டாடிப் பார்க்கிறான், அது ஒட்டவில்லை. அடுத்தவள், அதற்கடுத்தவள். பிறகு கல்லூரி, 'ரூட்டு தல' என்கிற கெத்து. மறுபடியும் பூர்ணிமா. இந்தத் தடவை நிச்சயம் என்று நம்பிக் கிடக்கையில், அவள் காதலிப்பது தினகரன் என்று பெயர் கொண்ட இன்னொருவனை! முழுக்க முழுக்கக் கைக்கிளை. ஆனால் புலம்பலும் இல்லை, பிணமும் இல்லை. படம் முடிகிறபோது அவன் வாத்தியாராகி, கல்யாணம் கட்டி, பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறான். சேரிப் பையன் கையில் நிஜக் கத்தியைக் கொடுத்து ரவுடி என்று காட்டியே பழகிய கோடம்பாக்கத்தில், வெட்டவே தெரியாத அட்டையைக் கொடுத்து நாயகன் என்று ஒருத்தர் காட்டினார். கானா பாலாவின் குரலும் சந்தோஷ் நாராயணனின் முதல் இசையும் கூட வந்தன. சாதிப் பெயர் ஒரு இடத்திலும் சொல்லப்படவில்லை. அந்த வீடுகளையும் சாப்பாட்டையும் பேச்சையும் அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

படம் வந்து சரியாக 84 நாள். 2012 நவம்பர் 7. தர்மபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடி எரித்தார்கள். காரணம் ஒரு தலித் பையனும் ஒரு வன்னியப் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டது. பீரோவை உடைத்து, துணிமணியைக் குவித்து, சிறுகச் சிறுகச் சேர்த்த அத்தனையையும் கொளுத்தினார்கள். அதைத் தொடர்ந்த நாட்களில், ஜீன்ஸ் பேன்ட், டி-சர்ட், கூலிங் கிளாஸ் போட்டுத் தலித் பையன்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசினார். 'நாடகக் காதல்' என்ற வார்த்தை ஊரெல்லாம் புழங்கத் தொடங்கியது. 2013 ஜூலை 4 அன்று இளவரசனின் உடல் தண்டவாளத்தோரம் கிடந்தது.

இந்த அக்கம்பக்கத்தில் வைத்துத்தான் தினகரனை நான் படிக்கிறேன். ஜீன்ஸும் டி-சர்ட்டும் அவனிடமும் உண்டு. அவன் யாரையும் மயக்கவில்லை. போன இடமெல்லாம் தோற்கிறான். 'திட்டம் போட்டு மயக்குகிறவன்' என்று அரசியல் மேடை கட்டிய பூச்சாண்டிக்கு முன்னால் இந்த அசட்டுப் பையனை நிறுத்திப் பாருங்கள். மற்ற சாதிப் பிள்ளைகளுக்குச் சாதாரணமாகக் கிடைக்கிற ஒன்று, காதலில் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பது, நமக்கு எவ்வளவு அரிதாக இருந்திருக்கிறது! 2015இல் கோகுல்ராஜ், 2016இல் உடுமலைப்பேட்டை சங்கர். எண்ணிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

படத்தில் எனக்குச் சம்மதமில்லாத விஷயமும் உண்டு. பெண்களை பஸ் ஸ்டாப்பிலிருந்தே பார்க்கிறது அது. பின்னால் அலைவதன் தொந்தரவைச் சிரிப்பாக்குகிறது. கூடப் படித்த தோழி ஒருத்தி அன்றைக்கே சண்டை போட்டாள்: 'அந்த பஸ்ஸுல நான் எப்படிப் போறேன்னு எவனாச்சும் படம் எடுப்பானா?' நியாயமான கேள்வி. ஒன்று மட்டும் சொல்வேன்: தனக்குப் பிடித்தவனோடு போகிற பூர்ணிமாவைப் படம் திட்டவில்லை, தண்டிக்கவில்லை. ஏமாற்றிய பெண்ணைத் திட்டி 'சூப் பாய்ஸ்' பாட்டுப் போட்ட காலத்தில் அது சின்ன விஷயமில்லை.

போன வருஷம் எங்கள் இரவுப் பாடசாலையில் இந்தப் படத்தைப் போட்டோம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முடிந்ததும் ஒன்பதாவது படிக்கிற ஒருத்தன் கேட்டான்: 'இவர ஏண்ணா கடைசி வரைக்கும் யாருமே வெட்டல?' அவன் பார்த்த படங்களில் எல்லாம் வெட்டியிருக்கிறார்கள். அன்று ராத்திரி பேச்சு படத்தைவிட நீளமாகப் போனது.